நிற்க வைத்த கல்

என் அப்பா தோளுக்கு மேலே டைல்ஸ் ஒட்ட மாட்டார். குளியலறைத் தரை, சமையலறைத் தரை, படிக்கட்டு, வராந்தா எல்லாம் செய்வார். சுவர் என்றால் தோள் உயரம் வரைக்கும்தான். அதற்கு மேல் ஒரே ஒரு வரிசை பாக்கி இருந்தாலும் கரணையைக் கழுவி வைத்துவிட்டு, "மேல வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிடுவார். வீட்டுக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் கெஞ்சுவார்கள், கடைசியில் திட்டுவார்கள். "இதென்னய்யா, சட்டையத் தெச்சுட்டு காலருக்கு மட்டும் வேற தையல்காரன்கிட்ட போன்னு சொல்ற மாதிரி இருக்கு?" என்று ஒரு பல் டாக்டர் கேட்டார். அந்த டாக்டர் வீட்டுக் குளியலறையில் இன்றைக்கும் தோள் வரை ஒருவர் கை, அதற்கு மேல் இன்னொருவர் கை.

இத்தனைக்கும் அவர் வேலையில் ஒரு நூல் பிசகாது. கூட வேலை செய்கிறவர்கள் அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, குமிழி ஓடும் கண்ணாடிக் குழாய் பதித்த கட்டை ஒன்று வைத்திருப்பார்களே, அதன் பெயர். "ரசமட்டம் அண்ணன் வந்தாச்சு, இனி நமக்கு எதுக்கு ரசமட்டம்" என்று யாராவது சொன்னால் அப்பாவின் முகம் சுண்டிப்போகும். அடக்கம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேறு சில விசித்திரங்களும் உண்டு. பள்ளிக்கூடம் திறந்து புதுப் புத்தகங்கள் வந்ததும் சமூக அறிவியல் புத்தகத்துக்குத்தான் முதலில் அட்டை போடுவார். அதன் முகப்பில் தலைநகரத்து நினைவு மண்டபத்தின் படம் இருக்கும். வெள்ளைக் குவிமாடம், நான்கு பக்கமும் வாசல், முன்னால் எறும்புபோல ஜனங்கள். பழுப்புத் தாளை மடித்து அந்தப் படத்தை மூடிவிட்டுத்தான் கணக்குப் புத்தகத்தைத் தொடுவார். ஒரு வருடம் சிமெண்ட் கடையில் கொடுத்த நாட்காட்டியில் ஆகஸ்ட் மாதத்துக்கு அதே மண்டபம். ஜூலை முடிந்ததும் அப்பா செப்டம்பரைத் தொங்கவிட்டார். அம்மா அந்த மாதம் முழுக்கக் கிழமையைத் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வானிலை அறிக்கையும் அப்படித்தான். எங்கள் ஊரில் மழை கொட்டி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோதுகூட, தலைநகரத்தில் காற்று எத்தனை வேகம் என்று பார்த்துவிட்டுத்தான் வாளியை எடுத்தார். "அங்க ஒரு சின்ன வீடு வெச்சிருக்காரு போலடி. அவ நனையறாளான்னு கவலை" என்று அம்மா என்னிடம் சொன்னாள். அவர் காதில் விழட்டும் என்றே சொன்னாள். விழுந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அம்மாவும் அதற்கப்புறம் அந்தக் கேலியை எடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் வெளியூரில் வேலை பார்த்தார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். எந்த ஊர், என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படியேறியவள் நான். மூன்று வருடம் வரலாறு படித்தேன். எந்த அரசன் எந்தக் கோட்டையைக் கட்டினான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதரிடம் நீங்கள் என்ன கட்டினீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

போன வருடம் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலைக்கான தேர்வில் தேறினேன். சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தலைநகரத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் சந்தோஷத்தில் சொன்னேன்:

"ஆபீஸ் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்துலயே இருக்குப்பா. வேலை முடிஞ்சதும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

சுரண்டுவது நின்றது.

"எந்த வாசல் வழியா போவ?"

"எல்லாரும் போற வழியாத்தான்."

"வடக்கு வாசல் வேணாம். சுத்திக்கிட்டு தெற்கால போ."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும், அங்க வடக்கு வாசல் இருக்குன்னு?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவர், "நானும் வரேன்" என்றார். அவ்வளவுதான்.

ரயிலில் ஆறு மணி நேரம். முதல் இரண்டு மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். எதிரே இருந்தவர்கள் ஒரு நிலையத்தில் இறங்கிப்போனதும், என் பக்கம் திரும்பாமலே பேச ஆரம்பித்தார்.

இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால் மண்டபத்தைப் புதுப்பித்தபோது அப்பா அங்கே கல் பதிக்கும் வேலையில் இருந்திருக்கிறார். அப்போது அவருக்கும் வயது இருபத்தேழுதான். வாசல்களுக்கு மேலே, சுவரோடு சுவராக ஓடும் கல் வரிசையைப் பிரித்துப் புதுக் கல் வைக்கிற வேலை. மணற்கல். அது மண்ணுக்குள் தாள் தாளாகப் படிந்து உருவானது. எப்படிப் படுத்துக் கிடந்ததோ அப்படியே படுக்க வைத்தால் நூறு வருடமானாலும் அசையாது. அதைத் திருப்பி நிற்க வைத்தால், கட்டு விட்ட புத்தகத்தை நிற்க வைத்த மாதிரி, வெயிலும் மழையும் பட்டு முன்பக்கத்துத் தாள் உப்பி உப்பி ஒருநாள் கழன்று விழும். ஒவ்வொரு தாளும் இரண்டு விரல் கனம் இருக்கும்.

"திறப்பு விழாவுக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. ஆறு பேர் கயிறு பிடிச்சு, கப்பியில ஏத்தின கல்லு. நான்தான் மேல நின்னு வாங்கி வெச்சேன். மேஸ்திரி கீழயிருந்து பாத்துட்டு, இவன் வெச்ச கல்லுக்கு ரசமட்டமே வேணாம்டான்னு கத்தினார். எல்லாரும் கை தட்டினாங்க. சாயங்காலம் ஈரத் துணியால தொடைக்கிறேன். கல்லு நனைஞ்சா ரேகை தெரியும். ரேகை நட்டுக்குத்தலா ஓடுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லியிருக்கலாம்."

ரயில் ஒரு பாலத்தைத் தாண்டியது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"வாய் வரலம்மா. அப்பதான் கை தட்டியிருந்தாங்க. மறுநாள் காலையில சாரத்தைப் பிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் ஏணி போட்டுக்கூட ஏற முடியாது."

அந்தக் கைதட்டலில்தான் பட்டப்பெயர் பிறந்திருக்கிறது. கூட வேலை செய்த ஒருவர் எங்கள் ஊர்க்காரர். அவர் மூலமாக அது ஊர்வரைக்கும் வந்துவிட்டது.

"அந்த மாதிரி கல்லு இருபத்தஞ்சு வருஷம் தாங்கும். மிஞ்சிப்போனா முப்பது. வடக்கு வாசல், எடது பக்கத்துலேருந்து ஏழாவது கல்லு. அதுக்கு நேர் கீழதான் டிக்கெட் வரிசை நிக்கும்."

இருபத்தேழு. விரல் விட்டு எண்ண வேண்டிய கணக்கே இல்லை.

காலை ஒன்பது மணிக்குத் தலைநகரத்தில் இறங்கினோம். பஸ் மண்டபத்தின் பக்கவாட்டுத் தெருவில் நின்றது. கட்டடங்களுக்கு நடுவே குவிமாடம் தெரிந்தது. புத்தகத்தில் பார்த்ததைவிடப் பெரிது, அழுக்கும் அதிகம். அப்பா நேராக அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"மொதல்ல அங்க போயிடலாம்மா. யார்கிட்டயாவது சொல்லிட்டா..."

அப்போது நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "பத்து மணிக்கு எனக்கு வெரிஃபிகேஷன்பா. அது முடியட்டும்" என்றேன். நேரம் ஒரு சாக்குதான். மண்டபமும் அரசாங்கத்துடையது, எனக்குக் கிடைக்கப்போகும் வேலையும் அரசாங்கத்துடையது. அப்பா போய் நான்தான் தப்புச் செய்தேன் என்று சொல்ல, அவர்கள் ஒரு காகிதத்தில் எழுத, அந்தக் காகிதம் எப்படியோ என் கோப்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால்? அலுவலகங்கள் எப்படி இயங்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே அவற்றால் எதுவும் முடியும் என்று பயப்படுவோம்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "சரிம்மா. வேலை முக்கியம்ல" என்றார்.

மூன்றாம் மாடியில் இரும்பு நாற்காலிகள் போட்ட கூடம். என் எண் நாற்பத்தொன்று. அப்பா ஜன்னல் ஓரம் நின்றுகொண்டார். அங்கிருந்து குவிமாடத்தின் உச்சி மட்டும் தெரிந்தது, வாசல் தெரியவில்லை. குதிகாலை உயர்த்தி உயர்த்திப் பார்த்தார். தெருவில் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு போனது. அப்பாவின் கை ஜன்னல் கம்பியை இறுகப் பற்றியது. அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காது கொடுத்துக் கேட்டார். நானும் கேட்டேன். சத்தம் தூரமாகப் போய் மறைந்ததும் இரண்டு பேரும் மூச்சு விட்டோம்.

"உங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்.

"இல்ல, ரயில்ல வந்தது ஒத்துக்கல."

என் முறை வர இரண்டரை மணி நேரம் ஆனது. உள்ளே இருந்தவர் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "வரலாறா? அப்ப பழைய ஃபைல் செக்‌ஷனுக்குத்தான் போடுவாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். முத்திரை குத்துகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அப்பா நடக்கவில்லை, ஓடினார். வெள்ளைப் பலகைக் கற்கள் பாவிய பெரிய முற்றத்தைக் குறுக்கே கடந்து வடக்கு வாசலுக்கு எதிரில் போய் நின்றார். கீழே வரிசையில் எழுபது எண்பது பேர் இருப்பார்கள். குடை பிடித்தவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள், சீருடை போட்ட பள்ளிப் பிள்ளைகள். அப்பா அவர்கள் தலைக்கு மேலே பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார் என்று புரிந்தது. நானும் எண்ணினேன். ஏழாவது கல் மற்றவற்றைப்போல இல்லை. சுற்றிலும் பழுப்பேறிக் கிடக்க, அது மட்டும் வெளிறியிருந்தது.

"தோல் உரிஞ்சுபோச்சு" என்றார் அப்பா. "ஒரு தாள் ஏற்கெனவே விழுந்திருக்கு. அதான் உள் நெறம் தெரியுது. அடுத்தது இதவிட கனமா இருக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் வரிசைக்குள் புகுந்துவிட்டார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கம்மா. சார், பிள்ளைங்கள அந்தத் தூண்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இங்க நிக்கக் கூடாது. நகருங்க, நகருங்க."

காக்கிச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி, வேலையாட்களை மேய்த்த குரல். ஜனங்கள் நகர்ந்தார்கள். டீச்சர் ஒருவர் பிள்ளைகளைக் கைகோத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். தொப்பி போட்ட ஒருவர் மட்டும், "ஏன் சார், யாராவது விஐபி வராங்களா?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டு பின்னால் திரும்பி, "மினிஸ்டர் வராராம்" என்றார். வரிசை முழுக்க அது ஓடியது. ஐந்து நிமிடத்தில் வடக்கு வாசலுக்குக் கீழே ஒரு பெரிய வெற்றிடம். அதன் நடுவில், கல்லுக்கு நேர் கீழே, அப்பா மட்டும்.

"அப்பா, நீங்களும் வாங்க!" என்று கத்தினேன். அவருக்கு அது தோன்றவே இல்லை.

நீலச் சட்டைக் காவலாளி விசிலை வாயில் வைத்தபடி ஓடிவந்தார். "யோவ் பெரியவரே, எந்த மினிஸ்டர்? எங்களுக்கே தகவல் இல்ல, உனக்கு யாரு சொன்னது?"

"மினிஸ்டர் இல்லைங்க. மேல கல்லு விழப்போகுது."

"கல்லா? நானும் பத்து வருஷமா இங்கதான் நிக்கிறேன். புறா எச்சம் தவிர ஒண்ணும் விழுந்ததில்ல."

"விழும். எனக்குத் தெரியும்."

"நீ என்ன ஜோசியக்காரனா?"

"இல்ல. அத வெச்சவன்."

காவலாளி சிரிக்க வாயெடுத்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். காலையில் செய்ய முடியாமல் போன தலையசைப்பு அது.

பராமரிப்பு அலுவலகம் மண்டபத்தின் பின்பக்கம், படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. குடைகளும் ஒலிபெருக்கிகளும் அடைத்து வைத்த அறை வழியாகப் போகவேண்டும். உள்ளே கணினிக்கு முன்னால் என் வயதே இருக்கக்கூடிய ஒரு பெண். இளநிலைப் பொறியாளர் என்று மேசையில் பலகை. காவலாளி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. "வடக்கு வாசலா? யாரும் கீழ நிக்கலையே?" என்று எழுந்துவிட்டாள்.

"எல்லாரையும் ஒதுக்கிட்டாரு மேடம். மினிஸ்டர் வராருன்னு நெனச்சு ஜனமும் ஒழுங்கா நிக்குது."

அவள் அப்பாவை உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. "எடது பக்கத்துலேருந்து ஏழு" என்று மட்டும் சொன்னார். அவள் விசைப்பலகையில் தட்டினாள். திரையில் வாசலின் படம் வந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண். ஏழின்மேல் அழுத்தினாள். படித்தாள். மறுபடியும் ஒருமுறை படித்தாள். பிறகு மெல்ல நாற்காலியில் சாய்ந்தாள்.

"ஐயா, அந்தக் கல்ல மாத்தி பதினோரு வருஷம் ஆச்சு."

அப்பாவுக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். "கிரேன் கொண்டாந்து ரெண்டு பக்கமும்..." என்று தொடங்கினார்.

"மாத்தியாச்சு ஐயா. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால தட்டி சத்தம் பாப்பாங்க. அப்ப கண்டுபிடிச்சிருக்காங்க. இப்ப இருக்கிறது புதுக் கல்லு. அதான் வெளுப்பா தெரியுது."

அப்பா மேசைக்குக் கிட்டே வந்தார்.

"யாருக்காவது அடி பட்டுதா?"

"இல்ல. விழவே இல்ல. உப்பியிருந்திருக்கு, அவ்வளவுதான். அந்த வருஷம் இதே மாதிரி நிக்க வெச்ச கல்லு நாலு வாசல்லயும் சேத்து மொத்தம் பதினாலு எடுத்திருக்காங்க."

"பதினாலா?"

"ஆமா."

"நான் அப்படி வெச்சது ஒண்ணுதான்" என்றார் அப்பா வேகமாக. பிறகு வாய்க்குள்ளேயே ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினார். மேஸ்திரி, அவர் தம்பி, ஒற்றைக்காது என்று கூப்பிடப்பட்ட ஒருவர், மாமன் மச்சான் இரண்டு பேர். கயிறு பிடித்தவர்கள், கை தட்டியவர்கள். அவர்களில் யார் யார் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்களோ.

அவள் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அப்பா குடிக்கவில்லை.

"அதுல எழுதிக்குங்கம்மா. ஏழாவது கல்ல தப்பா வெச்சது நான்தான்னு. என் பேரு, ஊரு எல்லாம் சொல்றேன்."

"அதெல்லாம் பரவாயில்ல ஐயா. இப்ப எதுக்கு..."

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க. எழுதிக்குங்க."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். கல் எண், மாற்றிய தேதி, காரணம், பார்வையிட்டவர். நான்கு கட்டங்கள். காரணம் என்ற இடத்தில், 'கல் திசை மாற்றி வைக்கப்பட்டிருந்தது' என்று இருந்தது. யார் வைத்தார்கள் என்று கேட்கிற கட்டம் இல்லை.

"எழுத இடமே இல்லையே ஐயா" என்றாள். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னாள். "வேணும்னா வாசல்ல பார்வையாளர் கருத்துப் புத்தகம் இருக்கு..."

அப்பா என்னைப் பார்த்தார். படித்தவள்தானே, இதற்கு ஏதாவது வழி தெரியாதா என்கிற பார்வை. எனக்குத் தெரியவில்லை. ஒரு தபால் அட்டை போட்டுக் கேட்டிருந்தால் பதினோரு வருடத்துக்கு முன்பே பதில் வந்திருக்கும். எங்கள் வீட்டில் ஓர் அலுவலகத்துக்குத் தபால் அட்டை போட்டுக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. நான் கல்லூரிக்குப் போன பிறகும் தோன்றவில்லை.

வெளியே வந்தோம். வரிசை மறுபடியும் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. தொப்பிக்காரர், "மினிஸ்டர் வரலையா சார்?" என்று கேட்டார். "வரல" என்றார் அப்பா.

"அப்பா, காலையிலயே நாம இங்க வந்திருக்கணும்" என்றேன். "கல்ல மாத்தியாச்சுன்னு நமக்குத் தெரியாது. நான்தான் ரெண்டரை மணி நேரம்..."

"மாத்தியாச்சுல்ல. விடு" என்றார். அவர் சொன்ன விதத்திலேயே அது விடக்கூடிய விஷயமில்லை என்று தெரிந்தது. எனக்கும்தான். அந்தக் காலையில் அங்கே பழைய கல்தான் இருந்தது. என்னைப் பொறுத்தவரை இருந்தது.

காவலாளி எங்களைக் கூப்பிட்டு, "இவ்வளவு தூரம் வந்துட்டு உள்ள பாக்காம போவீங்களா?" என்று வரிசையில் நிற்கவிடாமல் முன்னால் அனுப்பினார். அப்பாவும் இத்தனை வருடத்தில் உள்ளே போனதில்லை. வேலை செய்தபோது வெளிச்சுவரோடு சரி. வாசலை நெருங்கியதும் அவர் நடை மாறியது. தலை குனிந்தது. என் மணிக்கட்டை இறுகப் பிடித்து, என்னை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு, கல்லுக்கும் எனக்கும் நடுவில் தன் தோளைக் கொடுத்தபடி எட்டி நடந்தார்.

"அப்பா, மாத்தியாச்சுன்னு சொன்னாங்களே."

"தெரியும்மா. நீ மொதல்ல உள்ள வா."